தளபதி வண்டியின் தோலுறை

கடற்படைத் தலைமையகத்தில் எல்லோரும் அவரைக் கண்ணாடி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடி போட்டதில்லை. வண்டி ஓட்டும்போது முன்னால் இருக்கும் சாலையைவிடப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியையே அதிகம் பார்ப்பார் என்பதால் வந்த பெயர் அது. ஒரு ஸ்கூட்டர் இரண்டு தெருவுக்கு மேல் பின்னாலேயே வந்தால் போதும். அடுத்த திருப்பத்தில் ஓரங்கட்டி, ஸ்கூட்டரை முன்னே போகவிட்டு, ஓட்டுகிறவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்ட பிறகுதான் கிளம்புவார். பெரும்பாலும் அது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும் யாரோ ஒரு தகப்பனாக இருக்கும்.

"இன்னைக்கு இவரு நல்லவரு. நாளைக்கு யாரு கண்டா?" என்பார்.

அந்த வேலை அவருக்குக் கிடைத்ததே சந்தேகத்தால்தான். அதற்கு முன் துறைமுகப் பணிமனையில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் பக்கத்தில் நின்ற அதிகாரி ஒருவரின் காருக்கு அடியில் கம்பியால் கட்டிய ஏதோ ஒன்று தொங்குவதைப் பார்த்தார். "குண்டு! எல்லாரும் படுங்க!" என்று கத்தினார். பணிமனையே குப்புறப் படுத்தது. வெள்ளைச் சீருடையில் இருந்த அதிகாரி எண்ணெய்க் குட்டையில் படுத்தார். அரைமணி கழித்துப் பார்த்தால், அது உடைந்துபோன சைலன்சர். அதிகாரியின் ஓட்டுநரே முந்தினநாள் கம்பி வைத்துக் கட்டியிருந்தார். சிரிப்பு அடங்கப் பல நாளானது. ஆனால் கதை அப்போதைய தளபதியின் காதுவரை போனபோது அவர் சிரிக்கவில்லை. "வண்டிக்கு அடியில குனிஞ்சு பார்க்கிற ஒரே ஆளு அவன்தானா? என் வண்டிக்கு அவனையே போடுங்க" என்றார். அன்றிலிருந்து தளபதிகள் மாறினார்கள். ஸ்டியரிங்கில் கண்ணாடி மாறவில்லை.

நாட்டின் கப்பல்கள், நீர்மூழ்கிகள், அவற்றில் இருக்கும் ஆட்கள் அத்தனைக்கும் மேலே இருக்கும் ஒரே அதிகாரி கடற்படைத் தலைமைத் தளபதி. அவருக்கு மேலே இருப்பது அமைச்சரும் அரசும்தான். ஆனால் அந்த நாற்காலிக்கு வந்துவிட்டால் கடலில் இருக்கும் நேரம் குறைந்து, காரில் இருக்கும் நேரம் கூடிவிடும். காலையில் அமைச்சகம், மதியம் வெளிநாட்டுத் தூதுக்குழு, மாலையில் ஏதாவது அணிவகுப்பு. தலைமையகத்துத் தேநீர் அறையில் வேலை பார்க்கும் கண்ணாடியின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "கடலுக்கே ராஜா, மாமா. ஆனா கால் நனையணும்னா குளிக்கத்தான் போகணும்."

தளபதியின் கார் முகப்பில் ஒரு சிவப்புத் தகடு உண்டு. அதில் வெள்ளி நட்சத்திரங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். அந்தத் தகட்டுக்கு ஒரு தோலுறை. தளபதி வண்டிக்குள் இருந்தால் உறையைக் கழற்ற வேண்டும். அவர் இறங்கிய மறுநொடி மாட்ட வேண்டும். வாசல் காவலர்கள் பார்ப்பது அதை மட்டும்தான். நட்சத்திரம் திறந்திருந்தால் வாசலின் தடுப்புக் கம்பி தானாக எழும்பும், பூட்ஸ் கால்கள் ஒன்றாகத் தரையில் அறையும். மூடியிருந்தால் வண்டி காலி. எந்தக் காலி வண்டியையும் போல நிறுத்திச் சோதிக்கலாம். மற்ற அதிகாரிகளின் ஓட்டுநர்கள் போக்குவரத்து நெரிசலில் நழுவுவதற்காகக் காலி வண்டியிலும் நட்சத்திரத்தைத் திறந்து விட்டுக்கொள்வதுண்டு. கண்ணாடி ஒருநாளும் செய்ததில்லை. உறையை ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு எடுத்துவந்து பாலிஷ் போடுவார்.

"என் கைப்பைக்கு ஒரு தடவையாவது இப்படிப் போட்டிருப்பீங்களா?" என்பாள் மனைவி.

"உன் கைப்பையைப் பார்த்து யாராவது சல்யூட் அடிக்கிறாங்களா?"

"பணம் இருந்தா அடிப்பாங்க."

இப்போது இருந்த தளபதி, வந்து ஓராண்டாவது ஆகியிருக்கும். இளவயதில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர்; அகன்ற தோள், தேவைக்கு மேல் உரத்த குரல். வழக்கப்படி பின்னிருக்கையின் இடப்பக்கம் உட்காருவார். அங்கே உட்கார்ந்தால் வலப்பக்கம் ஓட்டுகிறவருக்குக் கண்ணாடியில் அவர் முகம் தெளிவாகத் தெரியும். உதவி அதிகாரி முன்னிருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில்.

ஒருநாள் காரில் உதவி அதிகாரியிடம் தளபதி, பழைய கப்பல்கள் இரண்டைப் பணியிலிருந்து விலக்கப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அந்த வாரமே செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது. தலைமையகம் தேன்கூடு கலைந்ததுபோல் ஆனது. மறுநாள் காலை தளபதி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்திருந்த கண்ணாடியைத் தாண்டிச் சுற்றிப் போனார். வலப்பக்கக் கதவைத் தாமே திறந்து, ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்.

கண்ணாடியில் பார்த்தால் ஒரு காதும் தொப்பியின் ஓரமும்தான் தெரிந்தன.

அதன்பிறகு தினமும் அங்கேதான். மச்சானிடம் சொன்னபோது அவன் கையிலிருந்த தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்தான்.

"மாமா, உங்க மேலதான் சந்தேகம்."

"நான் பத்திரிகையே படிக்கிறதில்லடா."

"அதனாலதான் சந்தேகம். படிக்கிறவன் எதுக்கு அங்க போய்ச் சொல்லப்போறான்? எழுதியே போட்டுருவான்."

"உன் வாயில சூடா தேத்தண்ணி ஊத்த."

சிரித்துவிட்டு வந்தாலும் கண்ணாடிக்குத் தூக்கம் போயிற்று. பின்கழுத்தில் இரண்டு கண்கள் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. இத்தனை காலம் கண்ணாடியில் மற்றவர்களைப் பார்த்துவந்தவரை இப்போது பின்னாலிருந்து ஒருவர் பார்க்கிறார். அவர் முகம் இவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செவ்வாய்க்கிழமைப் பயணங்கள் தொடங்கின. முதல் தடவை மாலையில் தளபதி சாதாரணச் சட்டையில் வெளியே வந்தார். உதவி அதிகாரி வேண்டாம் என்றார். பின்னால் வரும் காவல் வண்டியும் வேண்டாமாம். கண்ணாடி வழக்கம்போல் குனிந்து உறையின் பொத்தானில் கைவைத்தார்.

"கழட்டாத. கவர் அப்படியே இருக்கட்டும்."

"சார், நீங்க உள்ள..."

"இருக்கட்டும்னு சொன்னேன்."

வாசலில் கம்பி எழும்பவில்லை. காவலர் சாவகாசமாக நடந்துவந்து, கண்ணாடியைப் பார்த்துத் தலையசைத்து, பின்பக்கம் எட்டிப் பார்க்காமலே கம்பியைக் கையால் தூக்கினார். பின்னிருக்கையில் தளபதி குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாசலைத் தாண்டும்வரை சரிசெய்தார். இத்தனை வருஷத்தில் அந்தத் தகடு பொய் சொன்னது அன்றுதான்.

போன இடம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. நகலெடுக்கும் கடை, சாவி செய்கிற கடை, நடுவில் ஒரு பழைய மாடிக் கட்டடம். தளபதி இறங்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, மாடிப்படி ஏறினார். படிக்கட்டின் பக்கத்தில் வரிசையாகப் பலகைகள்: தையல் வகுப்பு, காது பரிசோதனை நிலையம், வெளிநாட்டு வேலை முகவர், கப்பல் சரக்கு முகவர். கண்ணாடி நாலையும் படித்தார். கடைசிப் பலகையை விட்டு அவர் கண் நகரவில்லை.

"கப்பல் முகவர்கிட்ட கடற்படைத் தளபதிக்கு என்ன வேலை?" என்று அன்று வீட்டில் மனைவியிடம் கேட்டார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தையல் வகுப்புன்னு சொன்னீங்களே, அங்க யாரு சொல்லிக்கொடுக்கிறா? பொம்பளையா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அதுதான்."

"அந்த வயசுல அவருக்கு எதுக்குடி அதெல்லாம்?"

"வயசைப் பத்தி நீங்க பேசாதீங்க. போன மாசம்தான் தலைக்கு மை பூசினீங்க." மடித்த சட்டையை அவர் மடியில் போட்டாள். "எதுவா இருந்தாலும் நமக்கு என்ன? ஓட்டுங்க, இறங்குங்க, வாங்க."

"கவர் மாட்டியிருக்கு. உள்ள அவரு இருக்காரு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, வண்டி காலியாத்தான் போச்சுன்னு சொல்லுவாங்க. அப்ப ஓட்டினது யாரு?"

அவள் கை நின்றது.

அவர் பயந்தபடியேதான் நடந்தது. அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளிலும் அதே சந்து, அதே மாடி. பிறகு ஒருநாள் பாதுகாப்பு அதிகாரி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவர். உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசுவார். அறையில் ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. மேசைமேல் ஒரு செடி, பிளாஸ்டிக்கில்.

"கண்ணாடி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தளபதி வண்டி கடைத்தெருவுல நின்னுச்சு. நம்ம ஆளு பார்த்திருக்கான். நட்சத்திரம் மூடியிருந்துச்சாம்."

கண்ணாடி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"மூடியிருந்தா உள்ள தளபதி இல்ல. சரிதானே? அப்படின்னா நீ சொந்த வேலைக்கு எடுத்துட்டுப் போயிருக்க. ஒரு தடவை இல்ல, பல தடவை. ஏற்கனவே பத்திரிகை விஷயம் ஒண்ணு இருக்கு. அங்க யாரைப் பார்க்கப் போன?"

"நான் யாரையும் பார்க்கப் போகல சார்."

"அப்ப யாரு போனா?"

"வண்டிக்குள்ள யாரு இருந்தாங்கன்னு ஓட்டுறவன் வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதான் சார் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க."

பாதுகாப்பு அதிகாரி செடியின் இலையில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். "சாமர்த்தியமா பேசுற. வெள்ளிக்கிழமை வந்து பதில் சொல்லு. சொல்லலைன்னா வேலை இல்ல. குடியிருப்பு வீட்டையும் காலி பண்ணணும். புரியுதா?"

புரிந்தது. தளபதிதான் உள்ளே இருந்தார் என்று இவர் சொல்லி, 'நான் இல்லை' என்று தளபதி மறுத்துவிட்டால் அவ்வளவுதான். ஓட்டுநர் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்? சொல்லாவிட்டால் வேலை போகும். இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதுபோல் இருந்தது. ஒருவேளை தன்னைக் கழற்றிவிடத்தான் தளபதியே இப்படிச் செய்கிறாரோ என்றும் தோன்றியது. பத்திரிகைக்குச் சொன்னவன் என்று நினைத்து, பொறி வைத்து...

அந்த வாரச் செவ்வாய்க்கிழமையும் உறை மாட்டியபடியே போனார்கள். தளபதி மாடியேறிய கொஞ்ச நேரத்தில் கண்ணாடியும் வண்டியைப் பூட்டிவிட்டு ஏறினார். எதற்காக வேலையை இழக்கிறோம் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். முதல் மாடியில் தையல் வகுப்பு. கதவு திறந்திருந்தது, உள்ளே இயந்திரங்கள் கடகடத்தன, தளபதி இல்லை. கப்பல் சரக்கு முகவரின் கதவில் துருப்பிடித்த பூட்டு. பல மாதமாகத் திறந்த அடையாளமே இல்லை. கடைசிக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதன் வழியே பார்த்தார்.

நாட்டின் கடற்படைத் தளபதி ஒரு நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் பெரிய ஹெட்போன், கைகள் முழங்கால்மேல். எதிரே ஒரு பெண் பொத்தான்கள் வைத்த பெட்டியின் முன்னால் இருந்தாள். அவள் அழுத்தும்போதெல்லாம் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்ததும் தளபதி பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினார். விளக்கு, கை. விளக்கு, கை. பிறகு அவள் ஒரு குமிழைத் திருகி வலது காதுக்கு மாற்றினாள். விளக்கு எரிந்தது. கை எழவில்லை. மறுபடி எரிந்தது. எழவில்லை. அவள் குமிழை இன்னும் கூட்டினாள். கை முழங்கால்மேலேயே இருந்தது. பிறகு விளக்கே எரியாதபோது தளபதி சட்டென்று கையைத் தூக்கினார்.

அந்தப் பெண் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். கண்ணாடி ஓசையில்லாமல் கீழே இறங்கினார்.

வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. இடப்பக்கம் உட்கார்ந்தால் தளபதியின் வலது காதுதான் வண்டியின் உள்பக்கம் இருக்கும், பேசுவது கேட்காது. அதனால்தான் தனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். அங்கே இடது காது உள்பக்கம் வரும். அவர் முகத்தை மறைக்கவில்லை, காதைத் திருப்பியிருக்கிறார். அந்த உரத்த குரல், யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவது, எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பது, எல்லாமே இந்தக் காதுதான். படை மருத்துவமனைக்குப் போனால் பதிவாகிவிடும். பதிவானால் நாற்காலி போகும்.

தளபதி வந்து ஏறினார். வண்டி சந்தைவிட்டு வெளியே வந்தது. கண்ணாடி சாலையைப் பார்த்தபடியே, "சார், பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டாரு" என்றார். பின்னாலிருந்து பதில் இல்லை. ஒரு மரத்தடியில் ஓரங்கட்டி, இருக்கையில் நன்றாகத் திரும்பி, தளபதிக்குத் தன் வாய் தெரியும்படி மறுபடி சொன்னார்.

தளபதியின் முகம் இறுகியது. "என்ன கேட்டாரு?"

"செவ்வாய்க்கிழமை வண்டியில யாருன்னு."

"நீ?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏன் சொல்லல?" அந்தக் கேள்வியில் நன்றி இல்லை. துப்பறிகிறவர் கேட்பதுபோல் இருந்தது. "உனக்கு என்ன வேணும்?"

கண்ணாடிக்குச் சுருக்கென்றது. "எனக்கு ஒண்ணும் வேணாம் சார். ஸ்டியரிங் இருக்கு, அது போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லலைன்னா அதுவும் போயிடும். அதை உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"நீ மாடிக்கு வந்தியா?"

"வந்தேன்."

"யாருகிட்ட சொன்ன? வீட்டுல?"

"வீட்டுல தையல் டீச்சர்னு நினைச்சுட்டு இருக்காங்க."

தளபதி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குள் பேசுகிறவர்போல, ஆனால் அதே உரத்த குரலில், சொன்னார். "கப்பல்ல இருந்தப்ப காது கேக்காதவனை நான் மேல்தளத்துல நிக்கவிட்டதில்ல. கெஞ்சுவாங்க. ஒரு காது நல்லா இருக்கு சார்னு சொல்லுவாங்க. எல்லாரையும் கரைக்கு அனுப்பிட்டேன்." பிறகு, "வண்டியை எடு" என்றார்.

என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை.

புதனும் வியாழனும் தளபதி காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் மனைவி பரணிலிருந்து பழைய அட்டைப்பெட்டிகளை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். "எதுக்கு இப்ப?" என்று கேட்டார். "சும்மா" என்றாள். மச்சான் தேநீர் அறையில் இவரைக் கண்டதும் முதல்முறையாகக் கிண்டல் செய்யாமல் பெரிய குவளையில் தேநீர் கொடுத்தான். அதுதான் கண்ணாடியை அதிகம் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை முகப்பில் வண்டியோடு நின்றார். பாதுகாப்பு அதிகாரி படியில் கைகட்டிக் காத்திருந்தார். முழுச் சீருடையில் தளபதி வந்தார், மார்பில் பதக்கங்கள், பின்னால் உதவி அதிகாரி. பாதுகாப்பு அதிகாரி விறைத்து நின்றார். தளபதி அவரைக் கடந்து வண்டிக்கு வந்தார். கண்ணாடி வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்திருந்தார். தகட்டின்மேல் உறை அப்படியே இருந்தது. கழற்றுவதா வேண்டாமா என்று அவருக்கு அன்று உண்மையிலேயே தெரியவில்லை.

"கவரைக் கழட்டு" என்றார் தளபதி. முகப்பு முழுக்கக் கேட்கிற குரல். "செவ்வாய்க்கிழமை நாம போற இடத்துக்குத்தான் போறோம். அறிக்கையை வாங்கிட்டு அப்படியே படை மருத்துவமனைக்கு."

பாதுகாப்பு அதிகாரியின் கை நெற்றிக்குப் போன இடத்திலேயே நின்றுவிட்டது. கண்ணாடி குனிந்தார். பொத்தானைக் கழற்றி உறையை உருவினார். வாசலில் கம்பி எழும்பியது. பூட்ஸ் கால்கள் ஒன்றாக அறைந்தன. கடைத்தெருச் சந்தில் நட்சத்திரங்களைக் கண்ட போக்குவரத்துக் காவலர் ஒருவர், வாயில் இருந்த விசிலை எடுக்க மறந்து சல்யூட் அடித்தார். விசில் 'கீ' என்றது.

அடுத்த மாதம் தளபதி தம் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். உடல்நிலை என்று அறிவித்தார்கள், ஒருவரும் நம்பவில்லை. பத்திரிகைகள் அமைச்சரோடு மனக்கசப்பு என்றன. பழைய கப்பல்கள் விஷயத்தை ஒரு விருந்தில் உளறியது அமைச்சரேதான் என்று பேச்சு வந்தது. தேநீர் அறையில் எல்லோரும் கண்ணாடியைச் சூழ்ந்துகொண்டு உண்மை என்ன என்று குடைந்தார்கள். "உடம்புக்கு முடியல" என்றார். "ஓட்டுறவனையும் பொய் சொல்லச் சொல்லியிருக்காங்க" என்று தலையாட்டிக்கொண்டு போனார்கள். மனைவி மட்டும் இன்னும் தையல் வகுப்பை விடவில்லை.

தளபதி கடைசிநாள் இறங்கும்போது கண்ணாடியின் தோளில் கைவைத்தார். "அன்னைக்கு நீ மத்த எவன்கிட்டயாவது சொல்லுவேன்னுதான் நினைச்சேன்" என்றார். "நானும் நீங்க என்னைக் கழட்டி விட்டுருவீங்கன்னுதான் நினைச்சேன் சார்" என்றார் கண்ணாடி.

புதிய தளபதி மெலிந்தவர், மெதுவான பேச்சு. முதல்நாள் வந்து வழக்கப்படி பின்னிருக்கையின் இடப்பக்கம் உட்கார்ந்தார். கண்ணாடியில் முகம் முழுசாகத் தெரிந்தது. வண்டி வாசலைத் தாண்டியதும் கண்ணாடி சாலையை நேராகப் பார்த்துக்கொண்டு, உதடு அதிகம் அசையாமல், மூச்சுவிடும் அளவு குரலில் கேட்டார்.

"சார், ஏசி போதுமா?"

பார்வை மட்டும் மேலே கண்ணாடிக்குப் போயிற்று.

புதிய தளபதி கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன. அவர் புருவத்தைச் சுருக்கி, இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போதும்," என்றார். "ஆனா அதை எதுக்கு இவ்வளவு ரகசியமா கேக்குற?"